கார் இல்லாமல் ஹேட்ரியன் சுவர்: பேருந்தில் போய் நடக்க ஒரு வழிகாட்டி

பிள்ளை நியூகாசலிலோ டர்ஹமிலோ எடின்பரோவிலோ படிக்கிறது. பட்டமளிப்பு விழாவுக்கு இங்கே சிங்கப்பூரிலிருந்து குடும்பமே கிளம்புகிறது. லண்டனில் சில நாள், சுற்றுலாப் பேருந்தில் ஸ்காட்லாந்து, உறவுக்காரர்களுக்குக் கொஞ்சம் சாக்லேட், அப்புறம் சாங்கி. நடுவில் ரோமானியர் கட்டிய சுவர் ஒன்று வட இங்கிலாந்தின் குறுக்கே படுத்திருக்கிறது என்று தெரிந்தாலும், "அதுக்கெல்லாம் கார் வேணும்" என்று விட்டுவிடுகிறோம். வேண்டாம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. யீஷூனில் இத்தனை வருடமாகப் பேருந்தும் எம்ஆர்டியுமாக வாழ்ந்த பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோனேன். என் மகள் படித்த காலத்திலும் அதற்குப் பிறகும் ஹேட்ரியன் சுவரை நான் பார்த்ததெல்லாம் பேருந்தில் போய், காலால் நடந்துதான்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். இந்த இடத்தைப் பொறுத்தவரை கார் வைத்திருப்பவரைவிடப் பேருந்தில் போகிறவருக்குத்தான் வசதி. சுவர் ஒரு நீளக் கோடு. காரில் வருகிறவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே திரும்பியாக வேண்டும். போன வழியிலேயே வர வேண்டும். நாம் ஒரு நிறுத்தத்தில் இறங்கி, சுவரை ஒட்டியே நடந்து, வேறொரு நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம். ஒரே காட்சியை இரண்டு தடவை பார்க்கத் தேவையில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சுவரைப் பற்றிச் சுருக்கமாக. பேரரசர் ஹேட்ரியனின் ஆணைப்படி கி.பி. 122இல் வேலை தொடங்கியது. கிழக்கே டைன் ஆற்றங்கரையில் வால்செண்ட் முதல், மேற்கே சால்வே கழிமுகத்தில் போனெஸ் வரை 117 கிலோமீட்டர். மூன்று லீஜியன் படைப்பிரிவுகளின் வீரர்களே கல் உடைத்து, சுமந்து, அடுக்கிக் கட்டினார்கள். ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு சிறு காவல்கோட்டை, இரண்டு காவல்கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல்கூண்டுகள், ஆங்காங்கே பெரிய கோட்டைகள். 1987இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. கரையிலிருந்து கரைவரை முழுவதையும் நடக்க 2003இல் ஒரு தேசிய நடைபாதையும் திறந்தார்கள். அதை முடிக்க ஒரு வாரம் பிடிக்கும். நான் சொல்லப்போவது நடுப்பகுதியை மட்டும். சுவர் உயரமாக மிஞ்சியிருப்பதும், பாறைமுகடுகளின் மேல் ஓடுவதும், நம் பேருந்து போவதும் அங்கேதான்.

பேருந்தின் எண் ஏடி122. சுவர் தொடங்கிய ஆண்டையே எண்ணாக வைத்திருக்கிறார்கள். ஹெக்சம், ஹால்ட்விசில் என்னும் இரண்டு சிறு ஊர்களுக்கு நடுவே ஓடுகிறது. வழியில் செஸ்டர்ஸ் கோட்டை, ஹவுஸ்டெட்ஸ் கோட்டை, தி சில் என்னும் தேசியப் பூங்கா மையம், விண்டோலாண்டா, மைல்காசில் இன் என்னும் விடுதி, வால்டவுன் பக்கம் உள்ள ரோமானியப் படை அருங்காட்சியகம். இந்த நிறுத்தங்கள்தான் உங்கள் பயணத்தின் முளைக்குச்சிகள். ஹெக்சமிலும் ஹால்ட்விசிலிலும் ரயில் நிலையம் உண்டு. இரண்டும் நியூகாசல்–கார்லைல் பாதையில் இருக்கின்றன. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நியூகாசலுக்கு ரயிலில் ஏறக்குறைய 3 மணி நேரம். அங்கிருந்து ஹெக்சம் சுமார் 40 நிமிடம், ஹால்ட்விசில் சுமார் ஒரு மணி நேரம்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஜனவரியிலிருந்து இடிஏ என்னும் மின்னணு அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். நிரந்தரவாசியாக இருந்து இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் விசாவேதான். வீட்டில் இரண்டு வகைக் கடப்பிதழும் இருந்தால் விசா தேவைப்படுகிறவரின் வேலையை முதலில் ஆரம்பியுங்கள்.

இனி முக்கியமான விஷயம். நம் ஊரில் பேருந்தைத் தவறவிட்டால் கைப்பேசியைப் பார்க்கிறோம். அடுத்தது ஆறு நிமிடத்தில் வருகிறது. அந்த நினைப்பை ஹீத்ரோவிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். ஏடி122 கோடையில் தினமும் ஓடும், ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மணிக்கணக்கில் இடைவெளி இருக்கும். குளிர்காலத்தில் சேவை குறைந்துவிடும். நேர அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஆகவே போகும் வாரத்தில் நிறுவனத்தின் தளத்தில் பார்த்து, படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் ஓரமாகப் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. நான் காகிதத்திலும் எழுதி மேல்சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். மழையில் நனைந்த கையால் திரையைத் தொட்டுத் தேடுவதைவிடக் காகிதம் நல்லது.

நாளைத் திட்டமிடும்போது காலையிலிருந்து தொடங்காதீர்கள், மாலையிலிருந்து தொடங்குங்கள். முதலில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அதை மறந்துவிடுங்கள், அது ஆபத்துக்கு. அதற்கு முந்தைய பேருந்துதான் உங்களுடையது. அந்த நேரத்திலிருந்து நடக்கும் நேரத்தையும், கோட்டையைப் பார்க்க ஒரு மணி நேரத்தையும், உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரத்தையும் கழித்தால், காலையில் எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று தானாகத் தெரிந்துவிடும். ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தை நம்பக் கூடாது. சூரியன் இருக்கும்போதே கடைசிப் பேருந்து போய்விடும். நம் ஊரில் வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில் இருட்டும். வானத்தைப் பார்த்து நேரம் சொல்லும் பழக்கம் நம் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. அங்கே கடிகாரத்தைப் பாருங்கள்.

பேருந்தில் ஏறியதும் எங்கே இறங்கப்போகிறீர்கள் என்று ஓட்டுநரிடம் சொல்லி, வங்கி அட்டையைத் தொட்டு டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குவதாக இருந்தால் நாள் டிக்கெட் கேளுங்கள். அங்கேயும் இடப்பக்க ஓட்டம்தான், நிறுத்தத்தில் கை காட்டுவதும் நம்மைப் போலத்தான். சுவர்ப் பக்கத்து நிறுத்தம் சிலவற்றில் இரண்டு திசைப் பேருந்தும் ஒரே இடத்தில் நிற்கலாம், அதனால் "ஹெக்சமா, ஹால்ட்விசிலா?" என்று கேட்டுவிட்டே ஏறுங்கள். இறங்கும்போது, "மாலையில் இதே இடத்தில்தான் ஏற வேண்டுமா?" என்று இன்னொரு கேள்வி. அந்த ஊர் ஓட்டுநர்கள் இப்படிக் கேட்பதை விரும்புகிறார்கள். எந்தப் பக்கம் காற்று அதிகம், எங்கே சேறு என்பதுவரை சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் தி சில்லிலிருந்து ஹவுஸ்டெட்ஸ்வரை நடங்கள். ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர். நிதானமாகப் போனால் மூன்று மணி நேரம்; படம் எடுக்கிறவர்கள் கூட இருந்தால் நான்கு. மேற்கிலிருந்து கிழக்காக நடப்பது நல்லது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. முதுகில் வாங்கிக்கொண்டு போகலாம். தி சில்லில் கழிப்பறை, காப்பிக்கடை இரண்டும் உண்டு. கழிப்பறையைப் பயன்படுத்திவிட்டே கிளம்புங்கள், ஹவுஸ்டெட்ஸ்வரை வேறு கிடையாது. எதிரே உள்ள பி6318 சாலையைக் கவனமாகக் கடக்க வேண்டும். நேர்க்கோடாகப் போகும் சாலை, கார்கள் பறக்கும், நடைபாதை இல்லை. 1745இல் ஸ்காட்லாந்திலிருந்து கிளர்ச்சிப்படை இறங்கி வந்ததற்குப் பிறகு படைகள் விரைந்து போக இந்தச் சாலையைப் போட்டார்கள். பல இடங்களில் ரோமானியச் சுவரை இடித்து அந்தக் கல்லையே அடியில் போட்டார்கள். ஹெக்சமிலிருந்து வரும்போது பேருந்து கொஞ்ச தூரம் சுவரின் மேலேயேதான் ஓடி வந்திருக்கும்.

சாலையைக் கடந்து சிறு வழியாக மேடேறினால் ஸ்டீல் ரிக். அங்கிருந்து கிழக்கே திரும்பியதும் முழுக் காட்சியும் தெரியும்: வடக்கே செங்குத்தாக இறங்கும் கரும்பாறை, அதன் விளிம்பிலேயே ஓடும் சுவர். வின் சில் என்னும் டோலரைட் பாறை அது. பூமிக்குள் உருகிய குழம்பு மண்ணடுக்குகளுக்கு நடுவே புகுந்து உறைந்தது. ரோமானியர் சுவருக்கு இடம் தேடவில்லை; இயற்கை பாதி கட்டி வைத்திருந்ததன் மேல் மீதியைக் கட்டினார்கள்.

முதல் இறக்கமும் பீல் பாறையின் ஏற்றமும்தான் வழியிலேயே கடினமானவை. கற்படிகள் செங்குத்து, ஈரமானால் வழுக்கும். என் அண்ணி இங்கே கொஞ்சம் தயங்கினார். "கைப்பிடி எங்கம்மா?" என்றார். கைப்பிடி கிடையாது, தடுப்பு வேலியும் கிடையாது. நம் ஊரில் மெக்ரிச்சியில்கூடப் பலகைப் பாதைக்குக் கம்பி போட்டிருக்கும். அங்கே பாறை விளிம்பு பாறை விளிம்பாகவே இருக்கிறது. குழந்தைகளின் கையை விடாதீர்கள். பெரியவர்கள் இறங்கும்போது சற்றே பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக வையுங்கள். இந்த ஓர் இடத்தைத் தாண்டிவிட்டால் பிறகு வருவதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

அடுத்த பள்ளங்களில் ஒன்றில் 39ஆம் காவல்கோட்டையின் சதுர அடித்தளம் முழுதாக இருக்கிறது. அதற்கடுத்த பள்ளம் சிக்கமோர் கேப். இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒற்றையாக நின்ற மரத்தின் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 2023 செப்டம்பர் 28ஆம் தேதி விடியும் முன்பே இருவர் அதை அறுத்துத் தள்ளிவிட்டார்கள். மரம் சுவரின் மேலேயே விழுந்தது. 2025இல் இருவருக்கும் சிறைத்தண்டனை. மரம் இல்லையே, போய் என்ன பார்ப்பது என்று இந்த வழியை விட்டுவிடாதீர்கள். அடிமரம் இருக்கிறது, மறு வருடமே அதிலிருந்து தளிர் விட்டிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், தொடாதீர்கள்.

பிறகு மேட்டில் ஏறினால் இடப்பக்கம் கீழே கிராக் லாஃப் ஏரி. மரங்களுக்கு நடுவே பாறை விளிம்பை ஒட்டியே பாதை போகும். இங்கே நின்று படம் எடுக்கிறவர்கள் பின்னால் நகரக் கூடாது. ஹாட்பேங்க் பண்ணையைத் தாண்டி மறுபடி ஏறினால் கடிஸ் கிராக், அப்புறம் 37ஆம் காவல்கோட்டை. இங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். வடக்கு வாசலில் வளைவின் தொடக்கக் கற்கள் இன்றும் இரண்டு பக்கமும் நிற்கின்றன. வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் சரிவு. வண்டி போக முடியாது. மைலுக்கு ஒரு வாசல் என்பது மேலிடத்து உத்தரவு. வழி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் உத்தரவுப்படி கட்டிவிட்டார்கள். ஒரு பேரரசு எப்படி நடந்தது என்பதை எனக்குச் சொன்ன கல் இதுதான்.

அதற்குப் பிறகு ஒரு சிறு மரக்கூட்டம். அங்கே மட்டும் சுவரின் மேலேயே நடக்க அனுமதி உண்டு. மற்ற இடங்களில் சுவர்மேல் ஏறவே கூடாது. நடுவில் நிரப்பிய கற்கள் தளர்ந்துவிடும். வேறு யாரோ ஏறி நிற்கிறார்கள் என்பதற்காக நாமும் ஏறக் கூடாது, பிள்ளைகளையும் ஏற்றிப் படம் எடுக்கக் கூடாது.

மரக்கூட்டம் முடியும் இடத்தில் ஹவுஸ்டெட்ஸ். ரோமானியர் வைத்த பெயர் வெர்கோவிசியம். சுமார் 800 காலாட்படையினர் தங்கிய கோட்டை. சுவரோரம் நடப்பது இலவசம், கோட்டைக்குள் போக டிக்கெட் உண்டு. உள்ளே எல்லாரும் தானியக் களஞ்சியத்தையும் மருத்துவமனையையும் பார்ப்பார்கள். நீங்கள் தென்கிழக்கு மூலைக்குப் போய்க் கழிப்பறையைப் பாருங்கள். நடுவில் மேடை, இரண்டு பக்கமும் ஆழமான கால்வாய். கால்வாய்க்கு மேலே மரப்பலகை போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், மறைப்பு எதுவும் இல்லாமல். மேடையின் ஓரமாக இன்னொரு சிறு வாய்க்கால், கையளவு அகலம், குச்சியில் கட்டிய கடற்பஞ்சை அலசுவதற்கு. பக்கத்தில் மழைநீர்த் தொட்டி. அந்த மூலைதான் கோட்டையின் தாழ்ந்த முனை. மேலே பெய்கிற மழையெல்லாம் இங்கே வந்து கழுவிக்கொண்டு வெளியேறும்படி கணக்குப் பண்ணியிருக்கிறார்கள். தண்ணீர் இப்போது ஓடவில்லை என்றாலும், குனிந்து பார்த்தால் சரிவு கண்ணுக்கே தெரியும். கிழக்கு வாசலில் படிக்கல்லைப் பாருங்கள். வண்டிச்சக்கரம் தேய்த்த பள்ளம் இருக்கிறது. விரலை வைத்தால் உள்ளே போகும்.

கோட்டையிலிருந்து சாலையில் உள்ள நிறுத்தத்துக்கு இறக்கமாகக் கால் மணி நேரம் ஆகும். இதையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். மேலிருந்து பார்த்தால் நிறுத்தம் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

இரண்டாவது நாள் கிடைத்தால் விண்டோலாண்டா. பேருந்து வாசலிலேயே விடும். நடக்க ஆசை இருந்தால் தி சில்லில் இறங்கி, பழைய ரோமானியச் சாலையான ஸ்டேன்கேட் போன தடத்தில் இரண்டரை, மூன்று கிலோமீட்டர் நடந்து வாருங்கள். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மைல்கல் தூண் ரோமானியர் நட்ட இடத்திலேயே இன்னும் நிற்கிறது. விண்டோலாண்டா சுவருக்குத் தெற்கே இருக்கிறது, சுவரைவிடப் பழையது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வாக்கில் போனால் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று கேள்வி கேட்கலாம், கையில் மண்ணோடு நிமிர்ந்து பதில் சொல்வார்கள். இங்கே ஈரமண்ணுக்குள் காற்றுப் புகாததால் மற்ற இடங்களில் மக்கிப்போவதெல்லாம் பிழைத்திருக்கிறது: ஆயிரக்கணக்கில் தோல் செருப்புகள், மரத்தாலான கழிப்பறை இருக்கை, 2017இல் கிடைத்த குத்துச்சண்டைக் கையுறைகள்.

எல்லாவற்றுக்கும் மேல், 1973இலிருந்து கிடைத்துவரும் எழுத்துப் பலகைகள். அஞ்சலட்டை அளவு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம், மையால் எழுதியவை. பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லண்டனில் இருக்கும்போதே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள், சில இங்கேயும் இருக்கின்றன. ஓர் அதிகாரியின் மனைவி கிளாடியா செவெரா, தன் தோழி லெபிடினாவைச் செப்டம்பர் 11ஆம் தேதி தன் பிறந்தநாளுக்கு வரச்சொல்லி அழைத்த கடிதம் உண்டு. கடைசி வரிகளை அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள். எழுத்தர் எழுதியதும் இவள் எழுதியதும் வேறுவேறு கை என்று பார்த்தாலே தெரியும். வேறொன்றில் யாருக்கோ காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய விவரம். குளிர் அப்படி.

நம்மவர்கள் தேட வேண்டியது கணக்குப் பலகை ஒன்றை. சிப்பாய்கள் வாங்கிய சாமான்களின் பட்டியலில், ஒருவன் 2 தெனாரியஸ் வெள்ளிக்காசுக்கு மிளகு வாங்கியிருக்கிறான். கி.பி. 100ஐ ஒட்டிய காலம். மிளகு அப்போது விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலையில்; ஏற்றுமதியானது சேரநாட்டு முசிறியில். யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டு சொல்கிறது. அந்தக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த செங்கடல் துறைமுகம் பெரெனிகேயில், ஒரு கோவிலில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரை கிலோ மிளகைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து பாலைவனம், நைல் நதி, மத்தியதரைக் கடல், கால் கண்டம் தாண்டி, மழையும் குளிருமான இந்த எல்லையில் ஒரு சாதாரணச் சிப்பாயின் கணக்கில் வந்து நிற்கிறது. தேக்கா மார்க்கெட்டில் நூறு கிராம் மிளகைப் பொட்டலம் கட்டி வாங்கும்போது இந்தப் பலகை எனக்கு நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளை அழைத்துப்போனால் மற்றதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள். ரோமானிய வரலாறு வெள்ளைக்காரர் வரலாறு மட்டும் இல்லை என்று அவர்களுக்கு ஒரே நிமிடத்தில் புரியும்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி: வால்டவுனில் இறங்கி, பாறைமுகட்டில் ஏறி, கிரேட் செஸ்டர்ஸ் வழியாக காஃபீல்ட்ஸ், அங்கிருந்து மைல்காசில் இன் நிறுத்தம். ஆறு கிலோமீட்டர் போல. கிரேட் செஸ்டர்ஸில் கோட்டை முழுக்கப் பண்ணை நிலம். ஆட்டுமந்தைக்கு நடுவே ஒரு பலிபீடக்கல் தனியாக நிற்கும், போகிறவர்கள் அதன்மேல் காசு வைத்துவிட்டுப் போகிறார்கள். காஃபீல்ட்ஸில் பழைய கல்குவாரி இன்று ஏரி. குவாரிக்காரர்கள் வெட்டிய இடத்தில் பாறையும் சுவரும் சேர்ந்தே காணாமல் போயிருப்பதைப் பார்க்கலாம். பேருந்து தவறினாலும் இங்கே பயமில்லை: ஹால்ட்விசில் ஓடையை ஒட்டிய பாதையில் நாலு கிலோமீட்டர் இறங்கினால் ஊருக்கும் ரயிலுக்கும் வந்துவிடலாம். மற்ற வழிகளில் மாற்றுக்கு ஹெக்சம் அல்லது ஹால்ட்விசில் டாக்சி ஒன்றின் எண்ணை முந்தின நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நினைத்த உடனே வண்டி வராது.

நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் அவர்களுக்குச் செஸ்டர்ஸ். நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், பெரும்பாலும் சமதரை. குதிரைப்படைக் கோட்டை, ஆற்றங்கரையில் குளியல்மனையின் சுவர் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் ஜான் கிளேட்டன் என்ற வழக்கறிஞர். 19ஆம் நூற்றாண்டில் கல்லுக்காகச் சுவரை உடைத்துக்கொண்டிருந்தபோது, சுவர் ஓடும் பண்ணைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கிக் காப்பாற்றியவர் அவர். நாம் நடந்த பகுதியில் இத்தனை கல் மிஞ்சியிருப்பதற்கு அவரும் ஒரு காரணம். ஹெக்சமில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் அங்குள்ள பழைய தேவாலயத்தைப் பாருங்கள். 674இல் தொடங்கியது, அதன் நிலவறை முழுக்க ரோமானியக் கோட்டையிலிருந்து கொண்டுவந்த கல்.

தயாராவதற்குச் சிங்கப்பூரே போதும். புக்கிட் தீமா உச்சி 163 மீட்டர்தான், சுவரின் உயர்ந்த இடமான வின்ஷீல்ட்ஸ் 345 மீட்டர்; ஆனால் நீங்கள் அடிவாரத்திலிருந்து ஏறப்போவதில்லை. பயிற்சி தேவைப்படுவது ஏறி இறங்கி, ஏறி இறங்கி நடப்பதற்கு. புளோக்கில் மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியில் பன்னிரண்டாம் மாடிவரை ஏறி, இறங்குங்கள். இறங்குவதுதான் முக்கியம், முழங்கால் அங்கேதான் அடிபடும். வார இறுதியில் தெற்கு மேடுகள் வழியிலோ மெக்ரிச்சியிலோ முதுகுப்பையோடு நடங்கள். புதுக் காலணியை விமானத்தில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஒரு மாதமாவது இங்கே போட்டுப் பழக்குங்கள். கணுக்கால் மூடும், பிடிமானம் உள்ள, தண்ணீர் புகாத காலணி. விளையாட்டுக் காலணி கோடைகாலத்திலும் அங்கே சேற்றில் நனைந்துவிடும்.

குடை வேண்டாம், காற்று மடக்கிவிடும். தலைமூடியோடு மழைச்சட்டை, மழைக்கால்சட்டை. உள்ளே தடித்த ஒரே கம்பளிச்சட்டைக்குப் பதில் மெல்லிய இரண்டு மூன்று. ஏறும்போது வியர்க்கும், முகட்டில் நின்றதும் நடுங்கும். கழற்றிப் போட வசதி வேண்டும். ஜூலையிலும் காதுக்குத் தொப்பி எடுத்துப் போங்கள். முழுக்கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், புதரில் உண்ணி உண்டு, மாலையில் குளிக்கும்போது உடம்பைப் பாருங்கள். ஓஎல்43 என்னும் வரைபடம் சுவரின் நடுப்பகுதி முழுவதையும் காட்டும். தி சில்லிலேயே கிடைக்கும்.

சாப்பாடு கையோடு. நாங்கள் தங்கிய இடத்து அடுப்படியில் புளியோதரை கிளறிக்கொண்டு போவோம். புளிக்காய்ச்சலை இங்கிருந்தே புட்டியில் எடுத்துப்போனால் அங்கே சோறு வடித்தால் போதும். குளிரில் கெட்டுப்போகாது, கரண்டியும் வேண்டாம். குடுவையில் சூடாக இஞ்சித் தேநீர். சுவரின் தெற்குப் பக்கம் காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து சாப்பிடலாம், சாய்ந்துகொள்ள வேண்டாம். எச்சமெல்லாம் பைக்குள். ஆடுகள் அருகில் வரும், கொடுக்காதீர்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது, சுற்றிப் போங்கள். வழியில் திறக்கும் ஒவ்வொரு படலையும் மூடிவிட்டே அடுத்த அடி.

மேமுதல் செப்டம்பர்வரை போவதே நல்லது. டிசம்பர் பட்டமளிப்புக்குப் போகிறவர்கள் முகட்டு நடையை விட்டுவிடுங்கள். நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், ஈரமண்ணில் மிதித்தால் பாதையும் அடியிலிருக்கும் தொல்பொருளும் கெடும். அவர்களுக்கும், கோடையில் அடைமழை பிடித்த நாளுக்கும், நியூகாசலிலேயே வழி இருக்கிறது. மெட்ரோ ரயிலில் வால்செண்ட் போனால் சுவரின் கிழக்கு முனையான செகெடூனம் கோட்டை. அந்த ரயில் நிலையத்தின் அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்தோடு லத்தீனிலும் இருக்கும். ஆற்றின் அக்கரையில் சவுத் ஷீல்ட்ஸ். அங்கே ஆர்பெயா கோட்டையின் வாயிற்கோபுரத்தைப் பழையபடியே கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சிரியாவின் பால்மைராவிலிருந்து வந்த பராத்தெஸ், இந்த நாட்டுப் பெண்ணான தன் மனைவி ரெஜினாவுக்கு எழுப்பிய கல்லறைக்கல்லும் அங்கே உண்டு. லத்தீனுக்குக் கீழே தன் தாய்மொழியிலும் ஒரு வரி வெட்டச் சொல்லியிருக்கிறார். குளிர்மாதங்களில் இந்த அருங்காட்சியகங்கள் மூடியிருக்கலாம், நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். மெட்ரோவில் நாள் டிக்கெட் எடுத்தால் நார்த் ஷீல்ட்ஸுக்கும் சவுத் ஷீல்ட்ஸுக்கும் நடுவே டைன் ஆற்றைக் கடக்கும் படகுக்கும் அதுவே செல்லும். போகும்போது ரயில், வரும்போது படகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.